700 பருப்புக்கு ஒரு காராமணி

அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் சுற்றோட்டப் பாடம் வரும்போது, ரத்தத்தின் கூறுகளை 11 வருடமாக ஒரே மாதிரிதான் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு சோதனைக் குழாய் வரைவேன். மேல் பாதியில் மஞ்சள் சாக்பீஸால் ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மா, 55 சதவீதம். கீழே சிவப்பு சாக்பீஸால் அணுக்கள், 45 சதவீதம். இரண்டுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு. பக்கத்தில் அட்டவணை. பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொள்வார்கள், பரீட்சையில் அப்படியே ஏற்றிவிடுவார்கள். எனக்கும் குறை ஒன்றும் தோன்றியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அருவாளால் கையை வெட்டிக்கொண்டு ஒரு வாரம் பள்ளிக்கு வராமல் இருந்தவன்.

"டீச்சர், எனக்கு அவ்ளோ ரத்தம் போச்சு. மஞ்சளா ஒண்ணும் வரலியே?"

வகுப்பே சிரித்தது. எல்லாம் கலந்து இருக்கும்டா, பிரித்தால்தான் தெரியும் என்றேன். "யாரு பிரிச்சா? நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்றான். கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். யோசித்துப் பார்த்தால், பிரிந்த ரத்தத்தைப் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று இணையத்தில் தேடினேன். அமெரிக்க ஆசிரியைகள் ஒரு மாதிரி செய்கிறார்கள். சோளப் பாகு பிளாஸ்மா, சிவப்பு மிட்டாய் சிவப்பணு, மார்ஷ்மெல்லோ வெள்ளையணு, மேலே தூவும் சர்க்கரை மணிகள் தட்டணு, அதாவது பிளேட்லெட். நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். மஞ்சள் கலந்த சர்க்கரைத் தண்ணீர், பீட்ரூட் சாற்றில் ஊறவைத்த ஜவ்வரிசி, ஒரு கைப்பிடி வெள்ளை மொச்சை, கொஞ்சம் எள். கண்ணாடி டம்ளரில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தலைமை ஆசிரியர் படம் எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல் எல்லாம் வந்தது.

அந்த மாதத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று வைத்தேன். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் எவ்வளவு? பாதிக்கு மேல் பேர் "சிவப்பணுவில் கால்வாசி", "சிவப்பணுவை விடக் கொஞ்சம் குறைவு" என்று எழுதியிருந்தார்கள். அட்டவணையை மட்டும் படித்த பழைய பிள்ளைகள்கூட இப்படி எழுதியதில்லை. டம்ளரில் கண்ணால் பார்த்ததை இவர்கள் நம்பிவிட்டார்கள். நான்தானே ஒரு கைப்பிடி மொச்சையை அள்ளிப் போட்டேன்!

அடுத்த முறை டம்ளரை எடுப்பதற்கு முன்னால் கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னேன். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தம் என்றால் கடுகில் பாதிகூட இல்லாத துளி. அதற்குள் சிவப்பணு சுமார் 50 லட்சம். வெள்ளையணு 4,000 முதல் 11,000 வரை. நடுவாக 7,000 என்று வைத்துக்கொண்டோம். தட்டணு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை. இரண்டரை லட்சம் என்று எடுத்தோம். வகுத்துப் பார்த்தால் ஒரு வெள்ளையணுவுக்குச் சுமார் 700 சிவப்பணு, 36 தட்டணு.

"ஒண்ணே ஒண்ணா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. ஒன்றேதான்.

பொருளையும் மாற்றினோம். சிவப்பணுவின் குறுக்களவு 7 மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொச்சம். வெள்ளையணு பெரும்பாலும் 10-லிருந்து 15 வரை. தட்டணு 2, 3 தான். இதையெல்லாம் 600 மடங்கு பெரிதாக்கினால் என்ன வரும் என்று கணக்குப் போட்டு, வீட்டில் இருக்கும் தானியங்களை ஸ்கேல் வைத்து அளந்துவரச் சொன்னேன். இது நான் எதிர்பார்த்ததைவிடப் பிரமாதமாக அமைந்தது. மைசூர்ப் பருப்பு 4 மில்லிமீட்டர் சொச்சம். நிறமும் கிட்டத்தட்ட சிவப்பு. கேழ்வரகு ஒன்றரை மில்லிமீட்டர்; தட்டணுவுக்குச் சரி. வெள்ளையணுவுக்கு ஒரு பெண் காராமணி கொண்டுவந்தாள். வெள்ளைப் பயறு, நடுவில் கறுப்புப் பொட்டு. "நியூக்ளியஸ் கூட இருக்கு டீச்சர்" என்று நீட்டினாள். அதைவிட நல்ல மாதிரியை எந்த நிறுவனமும் செய்து விற்க முடியாது.

ஆறு குழு. ஒவ்வொரு குழுவும் 700 பருப்பை எண்ண வேண்டும். முதல் ஐந்து நிமிடம் உற்சாகம், அடுத்த பத்து நிமிடம் முணுமுணுப்பு. பத்துப் பத்தாகக் கூறு கட்டியவர்கள் தப்பித்தார்கள். ஒரு குழு 400-க்கு மேல் எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து தொடங்கியது. எனக்கு வேண்டியதும் அந்த அலுப்புதான். முக்கால் மணி நேரம் பருப்பை எண்ணிய கை, கடைசியில் ஒரே ஒரு காராமணியை எடுத்துப் போடும்போது, அந்த விகிதத்தை எப்படி மறக்கும்? கலக்கிவிட்டு, "வெள்ளையணுவைக் கண்டுபிடி" என்றால் ஆளாளுக்குத் தேடினார்கள். நோய்க்கிருமி வந்தால் அந்த ஒற்றைக் காராமணி என்ன செய்யும் என்ற கேள்வி தானாகவே வந்தது. கிருமி வந்தால் பல சமயம் காராமணி பெருகும், டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பது அதையும் பார்க்கத்தான் என்றேன்.

வடிவத்தில் மட்டும் பருப்பு பொய் சொல்கிறது. சிவப்பணு இரண்டு பக்கமும் குழிந்த வட்டு. உளுந்து வடை தட்டும்போது நடுவில் விரலை வைத்து ஓட்டை விழாமல் பாதியில் எடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இதை வாயால் சொன்னாலே போதும், ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வராது. மதியம் கிளம்பும்போது ஒருவன், "டீச்சர், இந்தப் பருப்ப சாம்பார் வெச்சிரலாமா?" என்றான். கலர் தண்ணீரில் போட்டது, வேண்டாம் என்றேன். அவன் முகத்தில் நிஜமான வருத்தம்.

ஆனாலும் மாதிரி மாதிரிதான். அருவாள் பையனின் கேள்விக்கு நிஜ ரத்தம் வேண்டும். பிள்ளைகள் விரலில் குத்துவதில்லை என்பதில் நான் கறாராக இருக்கிறேன். நாங்கள் கல்லூரியில் படித்தபோது ஆய்வகத்தில் ஆளுக்கு ஆள் குத்திப் பார்த்து, கண்ணாடிச் சில்லில் நீலத் திரவத்தையும் மஞ்சள் திரவத்தையும் விட்டு ரத்த வகை கண்டுபிடித்தோம். இன்றைக்கு அதை வகுப்பில் செய்ய மாட்டேன். மஞ்சள் காமாலையும் எச்.ஐ.வி.யும் ஊசி வழியாகப் பரவும் என்று பாடம் நடத்திவிட்டு, ஊசியைக் கையில் எடுக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிஜ ரத்தம் ஒன்றும் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளியோடு கறிக்கடைக்குப் போய் ஆட்டு ரத்தம் வாங்கிவந்த அனுபவம் வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு. பிடித்த கொஞ்ச நேரத்தில் அது அல்வா மாதிரி இறுகிவிடும், அம்மா துண்டு போட்டு வேகவைத்து, வெங்காயம் தேங்காய் போட்டுப் பொரியல் செய்வார். ரத்தம் உறைதலை இவர்கள் ஒன்றாம் வகுப்புக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். நான்தான் பத்தாம் வகுப்பில் ஃபைப்ரினோஜன், ஃபைப்ரின் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு சிறப்பு வகுப்புக்கு முன்னால், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மூன்று பிள்ளைகளோடு கறிக்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணனிடம் முந்தைய நாளே சொல்லி வைத்திருந்தேன். கையுறை போட்டுக்கொண்டு மூன்று பாத்திரத்தில் பிடித்தோம். ஒன்று சும்மா. இரண்டாவதில் சோடியம் சிட்ரேட் கரைசல். மூன்றாவதை, ரத்தம் விழ விழ, தென்னை ஈர்க்குச்சிக் கட்டால் ஒருவன் நிறுத்தாமல் கலக்கிக்கொண்டே இருந்தான்.

முதல் பாத்திரம் பள்ளிக்கு வருவதற்குள் இறுகிவிட்டது. இரண்டாவது தண்ணீராகவே இருந்தது. உறைவதற்கு கால்சியம் வேண்டும். சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்றாவதுதான் வேடிக்கை. ஈர்க்குச்சியை வெளியே எடுத்தால் கொழகொழவென்று சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது. குழாயடியில் காட்டிக் கழுவக் கழுவ சிவப்பெல்லாம் போய், வேகவைத்த சேமியா மாதிரி வெள்ளை இழைகள் மிஞ்சின. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் ஃபைப்ரின்; பிளாஸ்மாவில் கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இழையாக மாறியது. இத்தனை வருடம் நான் கரும்பலகையில் எழுதிய சொல்லை அன்றைக்குத்தான் விரலால் தொட்டேன். அந்த இழை வலையை எடுத்துவிட்டதால் மூன்றாவது பாத்திரத்து ரத்தம் அதற்குப் பிறகு உறையவே இல்லை. சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் நம் சமையல்கட்டுத் தமிழ் எனக்குப் பெரிய உதவி. ரத்தம் உறைகிறது என்கிறோம், தயிர் உறைகிறது என்கிறோம். இரண்டிலும் நடப்பது ஏறக்குறைய ஒரே காரியம். கரைந்திருந்த புரதம் வலையாகி, மற்றதையெல்லாம் உள்ளே பிடித்துக்கொள்கிறது. கெட்டித் தயிரை ஒரு கரண்டி எடுத்தால் அந்தக் குழியில் தெளிந்த நீர் ஊறி நிற்குமே, அதுபோல முதல் பாத்திரத்தில் ரத்தக் கட்டி சுருங்கச் சுருங்க ஓரத்தில் தெளிந்த நீர் ஒதுங்கியது. பிளாஸ்மாவிலிருந்து ஃபைப்ரினோஜனும் உறைதலுக்கு உதவும் சில புரதங்களும் போனால் மிஞ்சுவது. அதற்குப் பெயர் சீரம். பிளாஸ்மாவுக்கும் சீரத்துக்கும் வித்தியாசம் என்ன என்ற கேள்வியில் என் பிள்ளைகள் இப்போது தப்புவதில்லை. ஒருத்தி விடைத்தாளில் "தயிர்த் தண்ணீர்" என்றே எழுதிவிட்டாள். முழு மதிப்பெண் போட்டேன். பொதுத்தேர்வில் இப்படி எழுதாதே என்று ஓரத்தில் ஒரு வரியும் எழுதினேன்.

பொருந்தாத ரத்தம் கலந்தால் நடப்பது வேறு. அணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் குருணை குருணையாகத் திரளும். அது உறைதல் அல்ல. பால் திரிவதைப் போன்றது. காரல் லாண்ட்ஸ்டைனர் 1901-இல் வியன்னாவில் ரத்த வகைகளைப் பிரித்துச் சொன்னதும் இந்தத் திரிதலைப் பார்த்துத்தான். அதற்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பில் சிவப்புச் சாயம் கலந்த பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டுவேன். "உறைஞ்சதா, திரிஞ்சதா?" என்று கேட்டால் ஒரே குரலில் பதில் வரும். அவர்கள் அம்மாக்கள் தினமும் சொல்லும் வார்த்தைகள்தானே.

இனி தோல்விக் கதை. சிட்ரேட் போட்ட பாத்திரத்து ரத்தத்தை நீளக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிறுத்தி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கீழே இறங்கும், மேலே மஞ்சள் தெரியும் என்று அறிவித்தேன். மனித ரத்தத்தில் அப்படித்தான் நடக்கும். ஈ.எஸ்.ஆர். என்று லேபில் பார்ப்பது அந்த இறக்கத்தைத்தான். ஒரு மணி ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மதியம் வரை பார்த்தோம். திங்கட்கிழமை காலையிலும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குழாயின் மேல் விளிம்பில் நகக்கீற்று அளவுக்குக்கூட மஞ்சள் இல்லை. அருவாள் பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் எனக்கு உறுத்தியது.

அந்த வாரம் எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஆட்டு ரத்தமா? அது இறங்காதும்மா" என்றார். வீட்டு விலங்குகளிலேயே ஆட்டின் சிவப்பணுதான் மிகச் சிறியது. நம்முடையதில் பாதி அளவுதான் இருக்கும். அதற்கு ஈடாக எண்ணிக்கை அதிகம். ஒரு கன மில்லிமீட்டரில் ஒரு கோடியைத் தாண்டிப் போவதும் உண்டு. நம் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும், அந்த அடுக்கு கனத்தால் விரைவில் இறங்கும். குதிரை ரத்தம் இன்னும் வேகமாக இறங்கும். ஆட்டின் அணுக்கள் அப்படி அடுக்கிக்கொள்வதில்லை, தனித்தனியாக மிதந்தபடியே கிடக்கும். இதை வகுப்பில் சொன்னதும் கடைசி பெஞ்சிலிருந்து பதில்: "ஆட்டுக்குக் காசு சேக்கத் தெரியல டீச்சர்."

தானாக இறங்காததைச் சுற்றித்தான் இறக்க வேண்டும். மையவிலக்கி எங்கள் பள்ளியில் இல்லை. ஆனால் சோடா மூடி இருக்கிறதே! சோடா மூடியைக் கல்லால் தட்டித் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து, முறுக்கி இழுத்தால் உர்ரென்று சுற்றும். அந்த விளையாட்டை ஆடாத கிராமத்துப் பிள்ளை இருக்கிறதா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2017-இல் அதே தத்துவத்தில் காகித வட்டால் ஒரு மையவிலக்கி செய்து காட்டினார்கள். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது. ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடுகிறது. மின்சாரம் வேண்டாம், விலையும் சில ரூபாய்தான்.

நாங்கள் கெட்டி அட்டையில் வட்டு வெட்டினோம். காலி பேனா ரீஃபிலைக் கழுவி இரண்டு துண்டாக நறுக்கி, சிட்ரேட் ரத்தம் நிரப்பி, இரு முனையையும் ஃபெவிக்விக்கால் அடைத்து வட்டில் ஒட்டினோம். முதல் வட்டு கிழிந்தது. இரண்டாவதில் அடைப்பு பிய்ந்து சுவரில் சிவப்புக் கோடு விழுந்தது. (பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தும் அந்தக் கறை இன்னும் லேசாகத் தெரிகிறது.) அதற்குப் பிறகு எல்லோரையும் தள்ளி நிற்க வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் சுற்றினோம். மூன்றாவது வட்டு நிலைத்தது. ஸ்டான்ஃபோர்டு வேகமெல்லாம் எங்களுக்கு ஏது? கை வலிக்க வலிக்க மாற்றி மாற்றி ஐந்து பேர் இழுத்தார்கள். நிறுத்தி ரீஃபிலை வெளிச்சத்தில் பிடித்தபோது, உள் முனையில் அரிசி நீளத்துக்கு நிறமற்ற ஒரு துண்டு. அதற்கு வெளியே கருஞ்சிவப்பு.

அருவாள் பையன் ரீஃபிலை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். "மஞ்சளே இல்லியே டீச்சர்" என்றான். உண்மைதான். ஆட்டுப் பிளாஸ்மா மிகவும் வெளிர்.

மஞ்சளைக் காட்ட அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஒருவர் கொடுத்த 350 மில்லி ரத்தம் அங்கே மூன்று பையாகிறது. சிவப்பணு குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். பிளாஸ்மாவை உறையவைத்தால் ஒரு வருடம் கிடக்கும். தட்டணுவுக்கு மட்டும் குளிர் ஆகாது. 20-லிருந்து 24 டிகிரிக்குள் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியும் ஐந்து நாள்தான் ஆயுள். அதற்கென்று தட்டு தட்டாக ஒரு இயந்திரம் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அதற்குத் தொட்டில் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எலுமிச்சை நிறப் பிளாஸ்மாப் பையைப் பார்த்து ஒருவன், இது ரத்தமே இல்லை, வேறு எதுவோ என்று சாதித்தான். அருவாள் பையன்தான் அவனுக்கு விளக்கம் சொன்னான்.

தொட்டிலுக்கு முன்னால் ஒருத்தி மட்டும் நின்றுவிட்டாள். முந்தைய வருடம் டெங்கு வந்து ஆறு நாள் வார்டில் கிடந்தவள். "பிளேட்லெட்" என்ற சொல்லை அவள் என்னிடம் கற்கவில்லை. பாட்டியும் மாமாவும் பக்கத்துக் கட்டில்காரர்களும், "கவுண்ட் எவ்ளோ, கவுண்ட் எவ்ளோ" என்று கேட்டுக்கேட்டே அவளுக்குப் பாடமாகிவிட்டது. பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்களாம், நிலவேம்பும் கொடுத்தார்களாம். "முப்பத்திரண்டாயிரத்துக்கு எறங்கிடுச்சு டீச்சர். ஆனா டாக்டர் தட்டணு ஏத்தவே இல்ல, சலைன்தான் போட்டுட்டே இருந்தாரு. எங்க மாமா சண்டைக்கே போயிட்டாரு."

அடுத்த நாள் வகுப்பில் அவளை முன்னால் வரச் சொன்னேன். 100 மில்லி அளவுக் குவளையில் இரண்டு குழுவின் பருப்பைக் கொட்டி, 45 கோடு வரை வருமாறு சரிசெய்து, 100 வரை மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். அணுக்கள் 45 சதவீதம். டெங்கு முற்றும்போது ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கும், வெளியே போவது பிளாஸ்மா என்று சொல்லி, சிரிஞ்சால் 20 மில்லி தண்ணீரை உறிஞ்சி எடுக்கச் சொன்னேன். இப்போது மொத்தம் 80, பருப்பு அதே 45. வகுத்துப் பார்த்தார்கள்: 56 சதவீதம். ஒரு பருப்புகூடச் சேர்க்கவில்லை, ஆனால் ரத்தம் கெட்டியாகிவிட்டது. லேப் காகிதத்தில் பி.சி.வி. என்று ஒரு வரி இருக்கும்; அது இந்தக் கணக்குதான். வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே கசிவு இருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். போன தண்ணீரைத் திரும்ப ஊற்றினால்தான் கெட்டி குறையும். தட்டணு பெரும்பாலும் காய்ச்சல் தணிந்த சில நாளில் தானாக ஏறிவிடும்.

அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பிரேயர் முடிந்ததும் என் மேஜைக்கு வந்தாள். கையில் மருந்துக்கடை பிளாஸ்டிக் கவர். உள்ளே நாலாக மடித்த லேப் காகிதங்கள், நாள்வாரியாக அடுக்கி. அவள் வீட்டில் கவுண்ட் வரியில் மட்டும் நீலப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதற்கு மேலே யாரும் வட்டம் போடாத வரியை அவள் பென்சிலால் கோடிட்டிருந்தாள். முதல் நாள் 38. மூன்றாம் நாள் 47. நான்காம் நாள் 44. ஐந்தாம் நாள் 39. அன்றைக்கும் தட்டணு முப்பத்தைந்தாயிரம்தான்.

"இங்க பாருங்க டீச்சர்," என்றாள், 39-இன்மேல் விரலை வைத்து. "எங்க மாமா சண்ட போட்டது இந்த அன்னிக்குத்தான்."